நொடியாரின் ஏழு பெட்டிகள்

அவருக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி அந்தப் பார்சல் நிலையத்தில் வாசல் காவலர் தொடங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் நொடியார்தான். அந்த 'ஆர்' மரியாதைக்காகச் சேர்ந்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம்.

நிலையம் முழுக்க ஓடுகிற நெட்வொர்க்குக்கு அவர்தான் பொறுப்பு. பார்சலின் முகவரியைப் படிக்கும் ஸ்கேனர், அதைப் பிரித்துத் தள்ளும் பெல்ட், பெல்ட்டைப் பார்க்கும் கேமரா, கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகம், எல்லாம் அவர் இழுத்த ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையைவிட அவருக்குப் பெரிது நேரம். 'ஒரு நிமிஷம் சார்' என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "அறுபது நொடியா, இல்ல உங்க வீட்டு நிமிஷமா?" என்று கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்பார். வந்தவர் பேச வந்த விஷயத்தையே மறந்துவிடுவார். கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய்க் கதவை ஒட்டி நின்றுகொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் தாமதத்தைச் சொல்லி உள்ளே அனுப்புவார். இந்தச் சேவையை யாரும் கேட்டதில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே ஒரு கதை வைத்திருந்தார். படிக்கிற காலத்தில் ஒரு தேர்வுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாராம், கேட்டைச் சாத்திவிட்டார்களாம், அன்றைக்கு எடுத்த சபதமாம். அவர் அம்மாவைக் கேட்டால் கதை வேறு. "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல. பொறந்ததுலேருந்தே இவன் இப்படித்தான். பால் கொஞ்சம் பிந்தினாலும் தெருவையே கூட்டுவான்" என்பார்.

மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மனைவியின் தம்பி, அதாவது மச்சான், நொடியார் வேலை பார்க்கிற அதே நிலையத்தில் எலக்ட்ரீஷியன். அவன் தன் கைத்திறமையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவன். நொடியாரோ, தான் சொல்லித்தான் சேர்த்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மச்சான் எதற்கும் அவசரப்படாத பிறவி. "இதோ வந்துட்டேன் மாமா" என்று போனில் சொல்லுவான். சொல்லி வெகுநேரம் கழித்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து நிற்பான். ஆனால் அவன் ஒரு தடவை முறுக்கிய ஸ்க்ரூ மறுபடி கழன்றது கிடையாது. அதை நொடியார் ஒரு நாளும் சொன்னதில்லை. "உன் தம்பிக்கு மணி பார்க்கத் தெரியுமா, தெரியாதா?" என்றுதான் மனைவியிடம் கேட்பார். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பார், சாப்பிட்டு எழுந்தாலும் கேட்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஏழு பெட்டிகள் வந்து இறங்கின.

நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் பெட்டிகள் அவை. எந்த ஒயர் எப்போது செத்தது, எப்போது பிழைத்தது என்று பார்த்துப் பதிந்துவைப்பதுதான் வேலை. பழுது பார்க்காது, எச்சரிக்காது. தெருமுனையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற ஆசாமி மாதிரி, பிற்பாடு கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். நிலையத்தின் ஏழு பகுதிகளிலும் ஒவ்வொன்றை மாட்ட வேண்டும். ஏழும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும், பதிவுக்கு மதிப்பே இருக்காது. இந்த வேலையை மேலாளர் நொடியாரிடம் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததே இதற்குத்தான் என்கிற மாதிரி பூரித்துப்போனார்.

வேலை என்னவோ சின்னதுதான். வெளியே இன்டர்நெட்டில் சரியான நேரத்தைச் சொல்லவென்றே சில இயந்திரங்கள் இருக்கின்றன. பெட்டிகள் அவ்வப்போது அவற்றிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். ஆனால் நிலையத்திலிருந்து வெளியே போகிற வழியெல்லாம் பாதுகாப்பு அதிகாரியின் கையில் பூட்டிக் கிடந்தது. 'இந்த ஒரு வழியைத் திறந்துவிடுங்கள்' என்று அவருக்கு ஒரு வரி மெயில் அனுப்பினால் அன்றைக்கே திறந்திருப்பார். அதைத்தான் நொடியாரால் செய்ய முடியவில்லை. முன்பொரு கூட்டத்தில் கதவருகே நின்று வழக்கமான சேவையைச் செய்துகொண்டிருந்தவரைப் பார்த்து, அந்த அதிகாரி, "சார், உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட் போல இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் நொடியார் அன்றோடு அவரைத் தலைமுழுகிவிட்டார். அந்த ஆளிடம் போய் நேரம் வேண்டும் என்று கையேந்துவதா?

கையேந்தவில்லை. யோசித்தார். யோசித்து, முதல் பெட்டி இரண்டாவதிடம் மணி கேட்கட்டும், இரண்டாவது மூன்றாவதிடம் கேட்கட்டும், இப்படியே போய் ஏழாவது முதல் பெட்டியிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வட்டம் போட்டார். பெட்டிகளுக்கு இருந்த புத்திகூட அவருக்கு இல்லை. அவை ஒத்துக்கொள்ளவில்லை. 'வெளிநேரம் கிடைக்கவில்லை' என்று ஏழும் சிவப்பாக எரிந்தன. 'உள்ளே இருக்கும் கடிகாரத்தையே நம்பலாமா?' என்று ஒரு கேள்வி வந்தது. 'ஆம்' என்று ஏழிலும் ஒரு தட்டுத் தட்டினார். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. ஏழு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. நாமும் பல அலுவலகக் கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்.

மேலாளர் வந்து பார்த்தார். ஒரு நொடிகூடப் பிசகில்லாமல் ஏழும் ஒரே மணியைக் காட்டின. அந்தப் பச்சைத் திரையைப் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்தில் போட்டுக் காட்டிப் பாராட்டும் வாங்கி வந்தார். "நொடியார் செட் பண்ணினா அது சூரியனே செட் பண்ணின மாதிரி" என்று அவர் முதுகில் தட்டியதை, நொடியார் வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

அங்கேதான் வினை பிடித்தது. அந்தப் பெட்டிகளுக்கு ஒரு சின்ன வியாதி. நாளுக்குச் சில நொடி முந்தி ஓடும். தனித்தனியாக விட்டிருந்தால் ஒன்று ஓட, ஒன்று பின்தங்க, குட்டு என்றைக்கோ வெளிப்பட்டிருக்கும். இவர் கையோடு கை கோத்துவிட்டதால் ஏழும் சேர்ந்தே ஓடின. மாதங்கள் போகப் போக நொடிகள் சேர்ந்து நிமிடங்களாயின. நொடியாரோ அந்தத் திரை மேல் மயங்கிக் கிடந்தார். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைத் திருத்துவார். கைக்கடிகாரத்தைப் பார்த்து வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்துவார். மொபைல் தானாகக் காட்டும் மணி சில நாளில் ஒத்துவராமல் போனபோது, "டவர்காரன் கொடுக்குற டைமை எவன் நம்புவான்?" என்று அதையும் கைமுறைக்கு மாற்றிவிட்டார்.

பிறகு ஊரே அவருக்குத் தாமதமாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ் தாமதம். டிரைவரிடம் சண்டை. பஸ் டெப்போவுக்குப் புகார் மேல் புகார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனால் கேட்டே திறந்திருக்காது. "என்ன நிர்வாகம் இது!" என்று காவலாளியைப் பிடிபிடியென்று பிடிப்பார். மகள் தலையைக் குனிந்துகொண்டு, தோழிகள் வருவதற்குள் அப்பா போய்விட வேண்டுமே என்று நிற்பாள். டி.வி.யில் செய்தி பிந்தித்தான் ஆரம்பிக்கும். அதற்கும் ஒரு கடிதம் எழுத இருந்தார். நாடு எங்கே உருப்படும் என்று அவர் பெருமூச்சு விடும்போதெல்லாம் மனைவி, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

ஒரு நாள் முற்பகல் நிலையத்தின் பெல்ட்டுகள் எல்லாம் நின்றுபோயின. ஸ்கேனர்கள் கண்ணை மூடிக்கொண்டன. பார்சல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிச் சரிந்தன. மருந்துப் பெட்டிகளை ஏற்றிப் போக வேண்டிய லாரி பாதி காலியாகக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக ஓட ஆரம்பித்துவிட்டதுதான். ஆனால் ஒரு மருத்துவமனை தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கத்தியது. தலைமை அலுவலகம் மேலாளரைக் கூப்பிட்டுக் கத்தியது. யாராவது ஒருவர் தலை உருள வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. யார் தலை என்பது மட்டும்தான் பாக்கி.

அதெல்லாம் தெரியாமல் நொடியார் கிடங்கின் மறுகோடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டிகளின் பதிவைத் திறந்தார். எல்லா ஒயரும் வந்து சேரும் மைய இயந்திரம் பதினொன்றரைக்குச் செத்திருந்தது. பதினொன்றே முக்காலுக்குப் பிழைத்திருந்தது. ஏழு பெட்டிகளும் ஒரே குரலில் சொல்லின. அடுத்து, அந்த இயந்திரம் இருந்த ஒயர் அறையின் கதவு யார் யார் எப்போது உள்ளே போனார்கள் என்று வைத்திருந்த பதிவைப் பார்த்தார். பதினொன்றரைக்கு உள்ளே போனவன் மச்சான். ஒரு ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்திருந்தான்.

நியாயமாகப் பார்த்தால் ஒரு மனிதர் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன், ஒரு தடவை மச்சானிடம் கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியிருக்க வேண்டும். நொடியாருக்குத் தோன்றவில்லை. உள்ளுக்குள் அவருக்கு ஒரு குளிர்ச்சி. இத்தனை வருஷமாக அவர் சொன்னதை இயந்திரமே ஒத்துக்கொண்டதே! உட்கார்ந்து ஒரே மூச்சில் அறிக்கை எழுதினார். தானும் அன்று அந்த அறைக்குப் போனதை மறைக்கவில்லை, கதவுப் பதிவில் இருந்த மணியையே எடுத்து எழுதினார். 'பதினொன்றேகாலுக்கு நான் உள்ளே சென்று மைய இயந்திரத்தின் முன்புறம் "தொடாதே" என்ற லேபிளை ஒட்டினேன். அப்போது யாவும் சீராக இயங்கின' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

விசாரணை நடந்தது. மேலாளர் ஒரு நாற்காலியில், மனிதவள அதிகாரி அம்மா ஒரு நாற்காலியில், நிபுணர் என்ற முறையில் நொடியார் ஒரு நாற்காலியில். எதிரே மச்சான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நான் போறப்பவே பெல்ட் நின்னு போயிருந்துச்சு சார்" என்றான். "அதனாலதான் போனேன். போய்ப் பார்த்தா பின்னால பிளக் லூசா தொங்குச்சு. அழுத்திவிட்டேன். ஓடிருச்சு."

"பெட்டி அப்படிச் சொல்லலையே. நீ உள்ள போன நேரத்துலதான் செத்திருக்கு" என்றார் மேலாளர்.

"பதினொன்னே முக்காலுக்கு உயிர் வந்துச்சுன்னு சொல்றீங்கல்ல? அப்போ நான் அங்க இல்லவே இல்லையே. யாரு வந்து சரி பண்ணினாங்க?"

நல்ல கேள்வி. மேலாளர் நொடியாரைப் பார்த்தார். "சில சமயம் தானா மீண்டுக்கும்" என்றார் நொடியார், கொஞ்சமும் கூசாமல். மேலாளர் தலையாட்டினார்.

பெல்ட்டில் நின்ற பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பெல்ட் எப்போது நின்றது என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் பச்சை விளக்கு எதுவும் எரிவதில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை. மச்சான் மேல் இரண்டு குற்றங்கள் எழுதினார்கள். நெட்வொர்க்கை நிறுத்தியது ஒன்று. 'தொடாதே' என்று எழுதியிருந்த இயந்திரத்தைத் தொட்டது இன்னொன்று. அடுத்த அமர்வில் தீர்ப்பு, அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். தீர்ப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். வேலை போய்விடும். கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினால் வேறெங்கும் எடுக்கவும் மாட்டார்கள்.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் செய்யலங்க. செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லிடுவான். அவனுக்குப் பொய் வராது."

"நான் என்ன பண்றது? டைம் சொல்லுதே! பதினொன்றரைன்னா பதினொன்றரைதான். என் வாட்சுல பார்த்தாலும் அதே டைம், நம்ம சுவத்துல பார்த்தாலும் அதே டைம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம சுவத்துலயா? அது கால் மணி நேரம் முன்னாடி ஓடுதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியுமே!"

"என்ன உளர்ற?"

"உளறல்தான். பஸ்காரன், ஸ்கூல்காரன், டி.வி.காரன் எல்லாரும் சேர்ந்து உங்களை ஏமாத்துறாங்க, இல்ல? ஆரம்பத்துல சொன்னேன். டவர்காரன் பேச்சைக் கேக்காதேன்னு என்னையே திட்டினீங்க. சரி, சீக்கிரம் கிளம்பிப் போனா வீட்ல கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னு விட்டுட்டேன்."

நொடியார் மொபைலை எடுத்து, தானாக மணி காட்டும்படி மாற்றினார். முள் இல்லாத அந்தக் கடிகாரம் ஒரே தாவலாகக் கால் மணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்தது. டி.வி.யைப் போட்டார். மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போன் செய்து மணி கேட்டார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் நல்லாப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். கணக்கா அது, அவர் மகளே வாய்க்கணக்காகப் போட்டுவிடுவாள். பெட்டியின் பதினொன்றே முக்கால் என்றால் உண்மையில் பதினொன்றரை. மச்சான் உள்ளே போன நேரத்தில்தான் இயந்திரம் பிழைத்திருக்கிறது. அவன் நிறுத்தவில்லை, நின்றதை ஓட்டியிருக்கிறான். இதுவரைக்கும் நொடியாருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அடுத்த வரிக்குப் போனார். பெட்டியின் பதினொன்றரை என்றால் உண்மையில் பதினொன்றேகால். கதவின் மணி வேறொரு கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வது. நொடியார் கை படாததால் அது சரியாகவே இருந்தது. அந்தக் கதவு சொல்கிறபடி பதினொன்றேகாலுக்கு உள்ளே இருந்த ஒரே ஆசாமி அவர்தான். லேபிள் நன்றாக ஒட்ட வேண்டுமே என்று கட்டைவிரலால் அழுத்து அழுத்தென்று அழுத்தியது நினைவுக்கு வந்தது. இயந்திரம் பின்னால் நகர்ந்து எதிலோ இடித்ததும் நினைவுக்கு வந்தது. 'தொடாதே' என்று ஒட்டப் போய்த்தான் அவர் அதைக் கொன்றிருக்கிறார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த சில நாட்கள் நொடியார் தனக்குத்தானே வக்கீலாக இருந்தார். மச்சான் இளவட்டம், அவனுக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கு இந்த வயதில் யார் கொடுப்பார்கள்? என் வேலை போனால் அவன் அக்காதானே கஷ்டப்படுவாள்? அப்படிப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவன் குடும்பத்துக்குத்தான் நல்லது. எவ்வளவு அழகாகப் பொருந்தி வருகிறது பாருங்கள். வட்டம் போட்டுக் கட்டுகிற கை, எதையும் கட்டிவிடும்.

கடைசியில் மனசு கேட்காமல் மச்சானைப் பார்க்கப் போனார். நல்லெண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம், அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று நோட்டம் பார்க்கத்தான் போனார். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டுச் சரி செய்துகொண்டிருந்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்க மாமா. அக்கா வரலையா?"

"வேலைக்குப் போயிருக்கா." கொஞ்சம் கனைத்துக்கொண்டார். "அன்னிக்கு அந்த ரூம்ல... நீ போனப்போ வேற ஏதாவது பார்த்தியா?"

மச்சான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அந்த லேபிள் என் கையில ஒட்டிச்சு மாமா. பசை இன்னும் காயல. பிளக்கும் அப்பத்தான் நழுவின மாதிரி தொங்குச்சு. நம்ம ஆபீஸ்ல லேபிள் ஒட்டுற ஆள் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

நொடியார் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார். "நீ... அங்க இதைச் சொல்லலையே?"

"எப்படிச் சொல்றது? அக்கா வீட்டுக்காரரை நானே மாட்டிவிடுறதா? யாருக்கும் கை படுறதுதான், அதுல என்ன தப்பு. நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருக்கேன்." அவன் சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். "டீ போடச் சொல்லட்டுமா மாமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நொடியார் கிளம்பினார். வழியெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். அந்தத் தீர்மானம் உண்மையானதுதான். வீடு போய்ச் சேரும்வரை அப்படியே இருந்தது.

இரண்டாவது அமர்வு. அதே நாற்காலிகள். தீர்ப்பை வாசிக்க மேலாளர் தொண்டையைச் செருமியபோது நொடியார் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்னத் தொழில்நுட்ப விளக்கம் சார். பெட்டிகளுக்கு வெளிநேரம் கிடைக்காததால, உள்நேரத்துல லேசான முன்னோட்டம் ஏற்பட்டிருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க" என்றார் மனிதவள அதிகாரி அம்மா.

"கால் மணி நேரம் ஃபாஸ்ட் மேடம்."

மேலாளரின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அந்தப் பச்சைத் திரையைத் தலைமை அலுவலகச் சுவரில் மாட்டாத குறையாகக் காட்டியவர் அவர். "ஏன் வெளிநேரம் கிடைக்கல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதுகாப்புப் பிரிவு வழி திறக்கல சார்" என்றார் நொடியார். கேட்கவே இல்லை என்பதை விட்டுவிட்டால் அதுவும் உண்மைதான்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்போ பெட்டி காட்டுற பதினொன்றரை, நிஜத்துல பதினொன்னேகாலா?"

"தோராயமா."

"தோராயமாவா? நீங்களா சொல்றீங்க?" அவர் அறிக்கையைப் புரட்டினார். "பதினொன்னேகாலுக்கு உள்ள இருந்தது யாருன்னு உங்க அறிக்கையிலேயே இருக்கே..."

"மேடம்" என்று மேலாளர் குறுக்கே விழுந்தார். "அது இந்த விசாரணைக்குள்ள வராது. இது எலக்ட்ரீஷியன் மேல உள்ள விசாரணை. பெட்டிகள்ல தயாரிப்புக் குறைபாடு, மனிதத் தவறு எதுவும் இல்ல. இப்படி எழுதிடுவோம். யார் பேரும் வேண்டாம். மேல கேட்டா பதில் சொல்லணும்ல?"

மச்சான் நொடியாரைப் பார்த்தான். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. சும்மா பார்த்தான், நீங்கள் சொல்லப் போகிறீர்கள் அல்லவா என்கிற மாதிரி. நொடியாருக்குச் சொல் வாய்வரை வந்தது. 'நான்தான்' என்று நாலே எழுத்து, அவ்வளவுதான். மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். சொல்லும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

"அப்போ முதல் குற்றம் தள்ளுபடி" என்றார் மேலாளர், மூச்சு விட்டபடி. "ரெண்டாவது இருக்கு. தொடாதேன்னு போட்டிருந்ததைத் தொட்டது."

"தொடலேன்னா பெல்ட் ஓடியிருக்காதே சார்" என்றான் மச்சான்.

"அது வேற விஷயம். நிபுணர் என்ன சொல்றீங்க? தொடலாமா, தொடக்கூடாதா?"

நொடியார் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விதிப்படி... தொடக்கூடாதுதான்."

எழுத்துமூல எச்சரிக்கை, நாளை முதல் வேலைக்கு வரலாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்கள். மச்சான் போட்டான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான். மேலாளர் நொடியாரின் முதுகில் தட்டி, "நல்ல நேரத்துல சொன்னீங்க. மத்த கிளைகளுக்கும் இந்தப் பெட்டி வருது. நேரம் எப்படி செட் பண்றதுன்னு நீங்கதான் வகுப்பு எடுக்கணும்" என்றார். அந்த அம்மா மட்டும் அறிக்கையை மூடாமல் நொடியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையிலிருந்து தப்பிக்க, ஏதோ வேலை பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நொடியார் எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள். யாரோ நிலையத்திலிருந்து அவளுக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். "நீங்களே கை தூக்கிப் பெட்டி தப்புன்னு சொன்னீங்களாமே! நான் உங்களைப் பத்தி என்னென்னவோ நினைச்சுட்டேங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. நொடியார் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "கேட்டேன்டா, எல்லாம் கேட்டேன். உன் மாமா பார்க்கத்தான் அப்படி. ஆயிரம் இருந்தாலும் உன்னை விட்டுக்கொடுக்கல பாரு" என்று பேசிக்கொண்டே போனாள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, "சரி சரி, அவர்கிட்டயே பேசு" என்று சிரித்தபடி போனை நீட்டினாள்.

நொடியார் வாங்கிக் காதில் வைத்தார்.

"மச்சான்?"

"சொல்லுங்க சார்."

பக்கத்தில் அவள் மலர்ந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்க எத்தனையோ பேர் அவரை சார் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றும் வலிக்கவில்லை. இப்போது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போனை அவளிடமே கொடுத்தார்.